மாத்திரையை நிறுத்தினால்தான் விசுவாசமா?

சேலம் அருகிலிருந்து ஒரு தாய் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வெள்ளிக் கொலுசு வேலை செய்யும் குடும்பம். வீட்டின் முன்கட்டுதான் பட்டறை. மகளுக்கு 19 வயது, கல்லூரியில் படிக்கிறாள். நேரம் கிடைக்கும்போது அப்பாவுக்குக் கொலுசுக் கண்ணிகளைப் பற்றவைத்துக் கொடுப்பாள். 15 வயதில் முதல் வலிப்பு வந்தது. ஐந்து மாதம் கழித்து இரண்டாவது. சேலத்தில் நரம்பியல் மருத்துவர் இ.இ.ஜி. (மூளையின் மின்னோட்டப் பதிவு) எடுத்துப் பார்த்து இரண்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதன்பிறகு மூன்று வருடம் ஒருமுறைகூட வரவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு சுகமளிக்கும் கூட்டத்தில் வெளியூர் ஊழியர் ஒருவர் மகளின் தலையில் கைவைத்து ஜெபித்து, "ஆவி போயிற்று, இனி மாத்திரையைத் தொட்டால் அது அவிசுவாசம்" என்று சொல்லியிருக்கிறார். அன்றே மேடையில், சுகமாகிவிட்டேன் என்று அவள் சாட்சி. அது யூடியூபிலும் ஏறிவிட்டது. வீட்டுக்கு வரும்போது முந்நூறு ரூபாய்க்கு ஒரு குப்பி எண்ணெயும் வாங்கி வந்திருக்கிறார்கள்.

ஏழு வாரமாக மாத்திரை இல்லை, வலிப்பும் இல்லை. ஆனால் பத்து நாளாகக் காலையில் காபி டம்ளர் மகளின் கையிலிருந்து தெறித்து விழுகிறது. சபைப் போதகர் "சாத்தான் காட்டும் பொய் அறிகுறி" என்கிறார். வைத்தியரைத் தேடிய ஆசா ராஜாவின் கதையையும் நினைவூட்டியிருக்கிறார். கணவர் அதை அப்படியே நம்புகிறார். மகளோ, "சாட்சி சொல்லிட்டேனே அம்மா, இப்ப எப்படி மாத்திரை சாப்பிடறது?" என்று ராத்திரியில் அழுகிறாள். மூன்று வாரத்தில் ஏற்காட்டில் உபவாசக் கூடுகை. அங்கே மறுபடியும் சாட்சி சொல்ல அவள் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள்.

தாய் கேட்கிறார்: ஆதித் திருச்சபையில் ஜெபித்தவுடன் சுகமானார்களே, நமக்கு மட்டும் ஏன் ஆஸ்பத்திரி? வேதத்தில் வரும் வலிப்புப் பையனுக்குப் பிசாசுதானே காரணம்? யாருக்கும் தெரியாமல் மாத்திரையைப் பொடித்துச் சாம்பாரில் கலந்து கொடுக்கலாமா? ஏற்காட்டுக்கு அனுப்பலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

நான் நரம்பியல் மருத்துவர். நீங்கள் வாசிக்கிற அதே வேதத்தை நானும் வாசிக்கிறேன். என் நோயாளிகளுக்காக ஜெபிக்கிறேன். ஆகவே உங்கள் வேதக் கேள்விகளுக்கும் பதில் சொல்வேன். ஆனால் அவசரமானது அந்த டம்ளர். அதிலிருந்து தொடங்குகிறேன்.

டம்ளர் ஏன் விழுகிறது?

மருத்துவமனைச் சீட்டிலிருந்து நீங்கள் எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதியிருக்கும் பெயர் ஜுவனைல் மயோக்ளோனிக் எபிலெப்சி. பதின்வயதில் தொடங்கும் ஒரு வகை வலிப்பு. தூங்கி எழுந்த சிறிது நேரத்தில் தோளும் கையும் திடீரென வெட்டுவது இதன் முதல் அடையாளம். நினைவு தப்பாது, கையில் இருப்பது மட்டும் தெறித்துவிடும். சீப்பு, பல்துலக்கும் பிரஷ், டம்ளர் என்று காலை வேளையில் கையில் எது இருக்கிறதோ அது. பல வீடுகளில் இதைக் கவனக்குறைவு என்று திட்டியே மாதக்கணக்கில் கடத்திவிடுவார்கள். நீங்கள் கவனித்துவிட்டீர்கள். உங்கள் மகளின் நல்ல காலம் அது.

இந்த வெட்டுகள் அடுத்தடுத்து வரத் தொடங்கினால் பெரிய வலிப்பு பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். நாளையோ மறுநாளோ அவளை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கூடுகை முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

ஏழு வாரம் வலிப்பு வராததைச் சுகத்துக்கு அத்தாட்சியாக உங்கள் கணவர் சொல்கிறார். மாத்திரையே தொடங்காத காலத்தில் முதல் வலிப்புக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஐந்து மாதம் சும்மா இருந்ததே, அதையும் நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். ஐந்து மாதம் தானாகவே அடங்கியிருக்கக்கூடிய நோயில் ஏழு வாரம் எதையும் நிரூபிக்காது. மூன்று வருடம் வராமல் இருந்ததற்கு மாத்திரைதான் காரணம். மேட்டூர் அணை தடுத்து நிறுத்துவதால் கீழே வெள்ளம் இல்லை. வெள்ளம்தான் இல்லையே என்று அணையை யாரும் இடிப்பதில்லை. வேறு சில வலிப்பு வகைகளில் இரண்டு வருடம் வராமல் இருந்தால் மாத்திரையைப் படிப்படியாக, மாதக்கணக்கில் குறைத்து நிறுத்திப் பார்ப்போம். இந்த வகையில் நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்பி வருகிறது. ஆனால் மாத்திரைக்கு இது நன்றாகக் கட்டுப்படும். படிப்பு, வேலை, கல்யாணம், குழந்தை எதற்கும் தடை இல்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். இதைப் படித்த வேகத்தில் பழைய அட்டையைத் தேடியெடுத்துப் பழைய அளவில் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் எழுதிய இரண்டில் ஒன்று லாமோட்ரிஜின். அதைச் சில நாளுக்கு மேல் நிறுத்தியிருந்தால் மறுபடியும் சிறிய அளவிலிருந்துதான் ஏற்ற வேண்டும். நேராக முழு அளவுக்குப் போனால் சிலருக்குத் தோலில் ஆபத்தான ஒவ்வாமை வரும். சாம்பாரில் கலக்கும் யோசனையை நான் அடியோடு மறுப்பதற்கு இது முதல் காரணம். அவள் எவ்வளவு சாப்பிட்டாள், எதை மிச்சம் வைத்தாள் என்று உங்களுக்கே தெரியாது. இரண்டாவது காரணம் இதைவிடப் பெரியது. அவளுக்கு 19 வயது. தன் உடம்புக்குள் என்ன போகிறது என்று அறியும் உரிமை அவளுடையது. இன்று மேடைக்கும் அப்பாவுக்கும் பயந்து வாய்மூடி இருக்கும் பிள்ளைக்கு, உண்மை பேச ஒரு இடமாவது வேண்டும். அது நீங்கள்தான்.

அப்போஸ்தலர்கள் எதைப் பிரசங்கித்தார்கள்?

சுகமாக்குதலும் பிரசங்கமும் ஆதிச் சபையில் சேர்ந்தே நடந்தன. உங்கள் போதகர் அப்படிச் சொல்வது சரி. இயேசு பன்னிருவரை அனுப்பும்போது ராஜ்யத்தைப் பிரசங்கிக்கவும் பிணியாளிகளைச் சொஸ்தமாக்கவும் சேர்த்தே அனுப்பினார். இன்றைய சபையும் நோயாளிக்காகக் கைவைத்து ஜெபிக்கட்டும். நான் கேட்பது, அந்த இரண்டும் எப்படிச் சேர்ந்திருந்தன என்று.

அப்போஸ்தலர் 3-ஐ எடுத்துப் பாருங்கள். தேவாலயத்தின் அலங்கார வாசலில் உட்கார்ந்திருந்த சப்பாணி எழுந்து நடக்கிறான். ஜனங்கள் ஓடிவருகிறார்கள். பேதுரு முதலில் செய்தது, தன்மேல் விழுந்த பார்வையைத் திருப்பிவிட்டதுதான்: "எங்களை ஏன் உற்றுப்பார்க்கிறீர்கள்?" அதன்பின் அவர் பேசுவது சிலுவையில் அறையப்பட்டு உயிர்த்தெழுந்தவரைப் பற்றி, மனந்திரும்புதலைப் பற்றி. சுகமடைந்தவன் பக்கத்தில் நிற்கிறான். ஆனால் செய்தி அவனல்ல. கொரிந்தியருக்குத் தான் அறிவித்த சுவிசேஷம் இன்னதென்று பவுல் சுருக்கிச் சொல்லும் இடத்தில் (1 கொரிந்தியர் 15) கிறிஸ்து மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், எழுந்தார் என்றுதான் இருக்கிறது. யார் யாருக்கு எந்த வியாதி போயிற்று என்ற பட்டியல் அங்கே இல்லை.

அந்தச் சப்பாணியிடம் யாரும் விசுவாசத்தை அளந்து பார்க்கவில்லை என்பதையும் கவனியுங்கள். அவன் காசுதான் எதிர்பார்த்தான். கப்பர்நகூமில் கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரனிடத்தில் இயேசு பார்த்தது தூக்கி வந்தவர்களின் விசுவாசத்தை. யாக்கோபு 5-ல் வியாதிப்பட்டவன் மூப்பர்களை வரவழைக்கிறான். அவர்கள் வீட்டுக்கு வந்து எண்ணெய் பூசி ஜெபிக்கிறார்கள். அங்கே விசுவாசத்தோடு ஜெபிக்கும் பொறுப்பு மூப்பர்களுடையது. படுத்திருக்கிறவன் தலையில் அதை யாக்கோபு கட்டவில்லை. எண்ணெய்க்கு விலையும் சொல்லவில்லை. "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்" என்று இயேசு சொன்னது சொஸ்தமாக்கும் ஊழியத்தைப் பற்றியேதான். இரண்டாம் நூற்றாண்டில் ஆயர் ஐரேனியஸ் தம் காலத்துச் சபையில் நடந்த சுகங்களைப் பற்றி எழுதும்போதும், நாங்கள் இதற்குக் கூலி வாங்குவதில்லை என்பதையே மெய்யான ஊழியத்தின் அடையாளமாகக் காட்டுகிறார்.

"எல்லாரும் சுகமானார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை, சகோதரி. தம் உடன் ஊழியர் துரோப்பீமுவை மிலேத்து ஊரில் வியாதியாய் விட்டுவந்ததாகப் பவுல் எழுதுகிறார். இன்னொரு உடன் ஊழியர் எப்பாப்பிரோதீத்து சாகும் நிலைக்குப் போய்ப் பிழைத்தார். தீமோத்தேயுவின் வயிற்றுக்கும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்கும் பவுல் சொன்னது கொஞ்சம் திராட்சரசம். அந்தக் காலத்துக்கு அது மருந்து. விசுவாசம் போதவில்லை என்று தீமோத்தேயுவை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. பவுலோடு கூடவே இருந்த லூக்காவுக்குப் "பிரியமான வைத்தியன்" என்றே பெயர். ஆசா ராஜா கர்த்தரைத் தேடாமல் வைத்தியரை மட்டும் தேடினான் என்பதுதான் குற்றச்சாட்டு. அதற்கு முன்பே சீரியா ராஜாவிடம் போய் நின்றவன் அவன், தீர்க்கதரிசியைச் சிறையில் போட்டவன். தினமும் முழங்காலில் நிற்கிற உங்கள் வீட்டுக்கு அந்தக் கதை எந்த வகையில் பொருந்தும்?

பரிசோதனைக்குப் போவது அவிசுவாசம் என்று சொல்பவர்களிடம் குஷ்டரோகியின் கதையைக் காட்டுங்கள். இயேசு அவனைச் சொஸ்தமாக்கியவுடன், ஒருவருக்கும் சொல்லாதே, போய் ஆசாரியனுக்கு உன்னைக் காண்பி என்றார். லேவியராகமத்தின்படி ஆசாரியன் பார்ப்பான், சந்தேகமிருந்தால் ஏழு நாள் தனியே வைத்துத் திரும்பவும் பார்ப்பான். பரிசோதனை முதலில், சாட்சி அதற்குப் பிறகு. ஐந்தாம் நூற்றாண்டில் ஆயர் அகஸ்டின் கார்த்தேஜில் இன்னொசென்சியா என்ற பெண்ணின் மார்புப் புற்று நீங்கியதைப் பதிவு செய்கிறார். முன்பு பார்த்த வைத்தியரே மறுபடியும் பரிசோதித்து நோய் இல்லை என்று கண்டதையும் சேர்த்தே எழுதுகிறார். அவர் அற்புதங்களை நம்பியவர், பரப்ப விரும்பியவர். அப்படிப்பட்டவருக்கே வைத்தியரின் பார்வை தேவைப்பட்டது.

ஆதிச் சபையின் இன்னொரு பக்கத்தை மேடைகளில் அதிகம் கேட்க முடிவதில்லை. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைக் கொள்ளைநோய் வாரியபோது, கிறிஸ்தவர்கள் நோயாளிகளைத் தொட்டுப் பணிவிடை செய்து, அதனாலேயே பலர் செத்ததை ஆயர் தியோனீசியு எழுதியிருக்கிறார். நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் பசில் வைத்தியர்களோடும் தாதிகளோடும் நோயாளிகளுக்கு ஒரு பெரிய நிலையத்தையே கட்டினார். நம் பக்கம் வேலூரில் 1900-ல் மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை அதன் தொடர்ச்சிதான். ஜெபம் வேலை செய்யாததால் இவர்கள் மருந்தைத் தொட்டார்கள் என்று நினைக்காதீர்கள். ஜெபித்த அதே கையால் கட்டுப் போட்டார்கள்.

தீயிலும் தண்ணீரிலும் விழுந்த பையன்

மாற்கு 9-ல் அந்தப் பையனைப் பிடித்திருந்தது ஆவி என்றே எழுதியிருக்கிறது. அதை நான் மழுப்ப மாட்டேன். ஆனால் அதை வைத்து உங்கள் மகளுக்கும் ஆவி என்று சொல்ல வேதமே இடம் கொடுக்கவில்லை. மத்தேயு 4:24-ல் இயேசுவிடம் கொண்டுவரப்பட்டவர்களில் பிசாசு பிடித்தவர்கள் தனியாகவும் சந்திரரோகிகள் தனியாகவும் திமிர்வாதக்காரர் தனியாகவும் சொல்லப்படுகிறார்கள். சந்திரரோகம் என்றால் வலிப்புதான். இரண்டும் ஒன்றே என்றிருந்தால் இரண்டாகச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மகளின் வலிப்புக்கு இ.இ.ஜி.யில் தெரிந்த மூளையின் மின்னோட்டக் கோளாறு காரணம். அவள் பாவமோ நீங்கள் செய்த பாவமோ அல்ல. பிறவிக் குருடனைப் பற்றி இயேசு சொன்ன பதிலும் அதுவே.

அந்தக் கதையில் என் மனம் எப்போதும் போய் நிற்பது தகப்பன் சொல்லும் ஒரு விவரத்தில்: பையன் அடிக்கடி தீயிலும் தண்ணீரிலும் விழுகிறான். இரண்டாயிரம் வருடம் ஆகியும் வலிப்புள்ளவர்களை நாங்கள் எச்சரிப்பது அந்த இரண்டையும்தான். உங்கள் வீட்டில் தீ என்றால் முன்கட்டில் இருக்கும் கேஸ் சுடர். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை அவள் பற்றவைக்கும் வேலையைத் தொடக் கூடாது. கண்ணி கோர்ப்பது, எடை பார்ப்பது போன்றவற்றைச் செய்யட்டும். அடுப்படியில் தனியாக நிற்க வேண்டாம். கிணறு, குளம் பக்கம் வேண்டாம். குளிக்கும்போது உள்தாழ்ப்பாள் போட வேண்டாம். வண்டி ஓட்டக் கூடாது.

அதே தகப்பன்தான், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுதவன். பாதி நம்பிக்கையும் பாதிப் பயமுமாக வந்தான். இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. அந்த இடத்தில் உங்கள் பெயரை வைத்து வாசித்துப் பாருங்கள்.

ஏற்காட்டுக்குப் போகலாமா?

இந்த முறை வேண்டாம் என்பது என் ஆலோசனை. மலைக்கோ ஜெபத்துக்கோ நான் விரோதி அல்ல. இந்த வகை வலிப்பைத் தூக்கமின்மை போலத் தூண்டிவிடுவது வேறொன்றில்லை. முழு இரவு ஜெபம் முடிந்து விடிகிற காலைதான் அவளுக்கு மிக ஆபத்தான நேரம். பட்டினியும் அலைச்சலும் அதோடு சேரும். இந்த வகையில் சிலருக்கு மேடையில் மின்னி மின்னி அணையும் விளக்குகூட வலிப்பைத் தூண்டும். நடுராத்திரியில் நிற்காத வலிப்பு வந்தால் ஏற்காட்டு அரசு மருத்துவமனையில் முதலுதவி கிடைக்கும், ஆனால் மேல் சிகிச்சைக்கு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் வந்தாக வேண்டும். மாத்திரை மறுபடி தொடங்கி, வெட்டு நின்று, மருத்துவர் சம்மதித்த பிறகு அடுத்த கூடுகைக்குப் போகட்டும். அப்போதும் இரவில் தூங்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிட்டு மாத்திரை போட வேண்டும்.

இதற்கிடையில் வீட்டில் வலிப்பு வந்தால்: இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள், கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். கையில் சாவியோ இரும்போ திணிக்க வேண்டாம். அதனால் வலிப்பு நிற்பதில்லை, காயம்தான் ஆகும். வாயில் துணி, கரண்டி, தண்ணீர் எதுவும் கூடாது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, தெளிவதற்குள் இரண்டாவது வந்தாலோ 108. வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்ப்ரே வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

சாட்சியும் வீடியோவும்

"சாட்சி சொல்லிட்டேனே" என்று அழுகிற பிள்ளைக்கு நான் சொல்ல விரும்புவது கலாத்தியர் 4:13-ல் இருக்கிறது. பவுல் தம் உடம்பின் பலவீனத்தோடேதான் அவர்களுக்கு முதன்முதலாகச் சுவிசேஷம் அறிவித்தார். தம் உடம்பில் ஒரு முள் என்று அவர் சொன்ன உபத்திரவம் மூன்று தரம் வேண்டியும் எடுபடவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதிலோடு எழும்பிப் போய்ப் பிரசங்கித்தார். சுகமானவர்கள் மட்டும்தான் சாட்சி சொல்லலாம் என்றால் பவுலே மேடையிலிருந்து இறங்க வேண்டியிருக்கும். உங்கள் மகள் பொய் சொல்லவில்லை. தனக்குச் சொல்லப்பட்டதை நம்பிச் சொன்னாள். இனி ஒரு நாள், "எனக்கு வலிப்பு உண்டு, மாத்திரை சாப்பிடுகிறேன், கர்த்தர் என்னோடு இருக்கிறார்" என்று அவள் சொல்ல விரும்பினால் அதுவும் முழுச் சாட்சி. அதைக் கேட்டு, ரகசியமாக மாத்திரையை நிறுத்திவிட்டுத் தவிக்கும் இன்னொரு பிள்ளை பிழைக்கும்.

வீடியோவை எடுக்கச் சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. வயது வந்தவள், நோய் விவரம் அவளுடையது. அவளே சபைக்கு எழுத்தில் கேட்கட்டும், மரியாதையாகவே. சபை இணங்காவிட்டால் யூடியூபின் தனியுரிமைப் புகார் வழியாக முறையிடலாம். எண்ணெய்க் குப்பி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அற்புத சக்தியுள்ள பொருள் என்று சொல்லி நோய் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கும் 1954-ஆம் வருடச் சட்டம் ஒன்று உண்டு. அதன் நோய்ப் பட்டியலில் வலிப்பும் இருக்கிறது. ஜெபிப்பதை அது தடுப்பதில்லை. குப்பியின் விஷயம் அதில் வருமா என்பதை வழக்கறிஞர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். உங்களுக்கு இப்போது வழக்கைவிட மகளின் மாத்திரை முக்கியம்.

சபையை விட்டு விலக வேண்டுமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். அதை இப்போது முடிவு செய்ய வேண்டியதில்லை. போதகரிடம் நேரில் போய், "ஐயா, மருத்துவரும் பார்க்கட்டும், நீங்களும் ஜெபியுங்கள்" என்று கேளுங்கள். சம்மதித்தால் அவர் உங்கள் மேய்ப்பர். மாத்திரை சாப்பிடுகிறவளை ஆராதனையில் ஒதுக்குவேன் என்றால், சேலத்தில் நோயாளியை ஒதுக்காத சபைகள் இருக்கின்றன. கணவரிடம் வாதாட வேண்டாம். நாளைக் காலையில் டம்ளர் விழுவதை அவர் கண்ணால் பார்க்கட்டும். முடிந்தால் செல்போனில் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், மருத்துவருக்கும் உதவும்.

செலவு பயம் இருந்தால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். வலிப்பு மாத்திரைகள் அங்கே இலவசம். பழைய சீட்டு, இ.இ.ஜி. தாள், மிச்சமிருக்கும் மாத்திரை அட்டைகள், எந்தத் தேதியில் நிறுத்தினாள், எந்தெந்தக் காலையில் கை வெட்டியது என்று எழுதிய ஒரு தாள், இவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். உள்ளே போனதும் மகளை மருத்துவரோடு பத்து நிமிடம் தனியாகப் பேச விடுங்கள். அப்பா முன்னாலும் உங்கள் முன்னாலும் சொல்லாத ஏதாவது அவளிடம் இருக்கலாம்.